கில்பட் சேருக்குக் குருவி காட்டிய விதம்

குறிஞ்சிப்பிட்டி,
திங்கட்கிழமை காலை.

அன்பு மருமகன் லத்தீபுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் உங்கள் மாமி றுக்கியாவும் உடம்புக்குச் சுகமாகவும் மனதுக்குச் சுகமில்லாமலும் இருக்கிறோம். நீங்களும் மகள் சுல்பாவும் பிள்ளைகளும் இரண்டு வகையிலும் சுகமாக இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு தொழுகையிலும் கேட்கிறேன். இந்தக் கடிதத்தை வாசித்து முடிக்கும் வரையாவது அந்தச் சுகம் நிலைக்கட்டும். இதைப் போனிலும் சொல்லலாம்தான். ஆனால் போனில் நான் வாய் திறந்தவுடன் "மாமா, சுருக்கமாச் சொல்லுங்க" என்பீர்கள். தபால் கந்தோரில் இருந்து தலை நரைத்தவன் நான். கடிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது என்பது எனக்குத் தெரியும். ஆகவே சுல்பாவிடம் ஒரு தேத்தண்ணி வாங்கி வைத்துக்கொண்டு கதிரையில் சாய்ந்து வாசியுங்கள். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் இடமாற்றம் போய்விட்டது. அதற்குக் காரணம் நான் அல்ல. யார் காரணம் என்பதில் எனக்கும் மாமிக்கும் இன்னும் கதை முடியவில்லை.

நீங்கள் என்னிடம் என்ன சொன்னீர்கள்? புத்தளம் கந்தோரில் பொறுப்பதிகாரியின் கதிரை காலியாகிறது, அதில் யாரை இருத்துவது என்பது கொழும்புக் கந்தோரில் எங்கள் பெரியவர் கில்பட் சேரின் கையில் இருக்கிறது, அவருக்குக் குருவி என்றால் உயிர், அவரும் அவருடைய கூட்டாளிமாரும் வெள்ளி பின்னேரம் வந்து ஞாயிறு வரை களப்புக் கரையில் கூடாரம் அடித்துத் தங்கிக் குருவி பார்க்க ஆசைப்படுகிறார்கள், எங்கே தங்குவது, எப்போது எங்கே போவது எல்லாம் உங்கள் ஒழுங்கு மாமா, என்றீர்கள். கடைசி நேரத்தில் சின்னவனுக்குக் கொப்பளிப்பான் என்று நீங்கள் கொழும்பிலேயே நின்றும்விட்டீர்கள். கெட்டிக்காரப் பிள்ளை, சின்னவன். நான் உங்களிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன்: இடமாற்றம் கிடைத்தால் சுல்பா எங்கே இருப்பாள்? "உங்கட வீட்டுக்குப் பக்கத்துலதான் மாமா" என்றீர்கள். அன்றிலிருந்து எனக்கு நித்திரை இல்லை. தொண்ணூறில் விரட்டப்பட்டு மன்னாரிலிருந்து வந்த சனம் நாங்கள். ஒரு வீட்டில் கூடப் பிறந்து வளர்ந்த நானா தம்பிமார் நாலு திக்கில் போய்க் குடியேறினோம். மகளாவது கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் இருக்க வேண்டும் என்ற ஆசை எனக்கு நிறைய உண்டு, அதை மறைக்க மாட்டேன். அதனால்தான் குருவியைப் பற்றி ஒன்றும் தெரியாத நான், எல்லாம் தெரிந்தவன் போல "ஓம், பாத்துக்கிறேன்" என்றேன்.

சண்டை முடிந்ததிலிருந்து கல்பிட்டிக்கு டொல்பின் பார்க்க ஒரு கூட்டம் வருகிறது, பட்டத்தைக் கட்டிக்கொண்டு கடலில் சறுக்க ஒரு கூட்டம் வருகிறது. குருவி பார்க்கக் கூடாரத்தோடு வருகிற கூட்டத்தை நான் இப்போதுதான் கேள்விப்படுகிறேன். இருந்தாலும் விசாரித்தேன். கடல் உள்ளே புகுந்து நிற்கும் நம் களப்புக் கரையில் பஸ்தியானுடைய வாடி இருக்கிறதல்லவா, அவன் மீனை வெட்டிக் கருவாடு காயப்போடும் இடம், அங்கே விடிந்தால் கடற்காகம் என்ன, கொக்கு என்ன, பருந்து என்ன, பெயர் தெரியாதது என்ன, மணலே தெரியாது. கூடாரத்துக்கு அதைவிட நல்ல இடம் உலகத்தில் இல்லை என்று தீர்மானித்தேன். சனிக்கிழமை காலை கரையில் குருவி, பின்னேரம் உப்பளத்தில் குருவி, ஞாயிறு காலை பஸ்தியானின் வள்ளத்தில் போய்த் தீவில் குருவி என்று மூன்று பயணமும் வகுத்துவிட்டேன். தீர்மானம் வரைக்கும் எந்தப் பிழையும் இல்லை என்பதைத் தயவு செய்து கவனிக்கவும்.

அதற்குப் பிறகுதான் உங்கள் மாமி வந்து கரையைப் பார்த்தா. முந்தானையால் மூக்கைப் பொத்தினா. "இஞ்சாருங்க, கொழும்புப் பெரிய மனுசர் இந்த நாத்தத்துலயா படுக்கப் போறாங்க? விருந்தாளிய மீன்குடலுக்கு நடுவுல படுக்க வச்சதெண்டு ஊர் சிரிக்காதா?" என்று கேட்டா. கேட்ட கேள்வியில் நியாயம் இருந்தது. நம்மூரில் விருந்தாளி வருகிறார் என்றால் கோழி அடிப்பதற்கு முந்தி கூட்டிப் பெருக்குவதுதானே வழக்கம். பஸ்தியானைக் கேட்டேன். நல்ல மனிதன், மறுக்கவில்லை. "விருந்தாளி போகுமட்டும் கருவாடு போடல்ல நானா. துப்புரவான இடமெண்டா குருவியும் விரும்பித்தானே வரும்" என்றான். நான் ஓம் என்றேன். மாமி ஓம் என்றா. பக்கத்து வாடிக்காரர்களும் ஓம் என்றார்கள். மருமகன், இவ்வளவு பேரில் ஒருவருக்குக்கூட மூளை வேலை செய்யவில்லை என்பதை நினைத்தால் இப்போதும் எனக்கு வேர்க்கிறது.

இரண்டு நாளாக ஊரே சேர்ந்து கரையைக் கல்யாண வீடாக்கினோம். கருவாட்டுப் பாயெல்லாம் சுருட்டினோம், குடல், செதில், மீன்தலை எல்லாம் வண்டி வண்டியாக அள்ளினோம், கடற்கரை வெள்ளை மணலைக் கொண்டுவந்து பரப்பினோம், கடைசியாக மாமி சாம்பிராணியும் போட்டா. அள்ளிய கழிவை என்ன செய்வது? தென்னைக்கு அதைவிட நல்ல பசளை உண்டா? நம் வீட்டுப் பின்வளவில், மலசலகூடத்துக்குப் பின்னால், தென்னை மூட்டில் கொட்டி மூடினோம். அவசரத்தில் கொஞ்சம் மேலாகத்தான் மூடினோம்.

வெள்ளி பின்னேரம் வந்து இறங்கினார்கள். எல்லாரும் சேற்று நிறத்தில் உடுப்பு, கழுத்தில் தூரக்கண்ணாடி. ஒருவர்கூடச் சத்தமாகக் கதைக்கவில்லை, அடி வைப்பதும் மெதுவாக, முகத்தில் சிரிப்பில்லை. மையத்து வீட்டுக்குத் துக்கம் கேட்க வந்தவர்கள் மாதிரி இருந்தது. நான் பயந்துபோய் ஒரு பிள்ளையைக் கூப்பிட்டு, "மகள், வழியில ஆரும் மௌத்தாகிட்டாங்களா?" என்று கேட்டேன். "இல்ல அங்கிள், சத்தம் போட்டா குருவி பறந்துரும்" என்று காதுக்குள் சொன்னாள். எங்கே குருவி இருந்தது, பறப்பதற்கு? ஆனால் அது எங்களுக்கு விடிந்த பிறகுதான் தெரிய வந்தது.

சனிக்கிழமை காலை கில்பட் சேர் முன்னுக்கு, மற்றவர்கள் பின்னுக்கு, எல்லாரும் வெள்ளை மணலில் குந்தியிருந்து பார்த்தார்கள். களப்பு இருந்தது, வானம் இருந்தது, சாம்பிராணி வாசம் இருந்தது. குருவி மட்டும் இல்லை. நெடுநேரம் கழித்து ஒரு காகம் வந்தது. அதுவும் தேங்காய்ப்பாலும் முட்டையும் அடித்து மாமி அவித்து அனுப்பிய வட்டிலப்பத்துக்காக வந்தது. அத்தனை தூரக்கண்ணாடியும் ஒரே நேரத்தில் அதன் பக்கம் திரும்ப, காகத்துக்கே வெட்கமாகி எழும்பிப் போய்விட்டது. கில்பட் சேர் என்னைப் பார்த்தார். நான் பஸ்தியானைப் பார்த்தேன். பஸ்தியான் மாதாவைப் பார்ப்பது போல வானத்தைப் பார்த்தான். பின்னேரம் உப்பளத்துக்காவது மானத்தோடு போகலாம் என்று நான் உழவு மெசினில் பெட்டி பூட்டி எல்லாரையும் ஏற்றினேன். அந்த மெசின் போடும் சத்தத்தில் உப்பளத்துக் குருவி மட்டுமல்ல, கூலிக்கு நின்ற ஆட்களும் ஓடிவிட்டார்கள்.

இனித்தான் விஷயம். சனி பகல் சோற்றுச் சட்டியை எடுக்க வீட்டுக்குப் போனேன். பின்வளவில் தகரம் தட்டும் சத்தம். போய்ப் பார்த்தால், அல்லாஹ்வே, களப்புக் கரையின் முழுக் குருவியும் நம் வளவில். உடுப்புக் கொடியில் கொக்கு, கிணற்றுக் கட்டில் கடற்காகம், மலசலகூடத்துக் கூரையில் பருந்து. தென்னை மூட்டைக் கிண்டிக் கிண்டித் தின்கின்றன. மாமி ஒரு கையில் விளக்குமாறும் ஒரு கையில் தகரமுமாக விடிந்ததிலிருந்து ஓடுகிறா. "உங்கட சேர்ர ஆக்கள் காணுறதுக்குள்ள கலைச்சிரணும்" என்றா. நீங்கள் கேட்பீர்கள்: மாமா, அங்கேயே அவர்களைக் கூட்டிக்கொண்டு போயிருக்கலாமே என்று. எப்படி மருமகன்? நாறுகிற வளவில், மாமியின் உடுப்புக் கொடிக்குக் கீழே, கக்கூசுக்குப் பக்கத்தில் உங்கள் பெரியவரைக் குந்த வைத்து "பாருங்க சேர்" என்றா சொல்வது? எனக்கும் ஒரு மானம் இருக்கிறது. இங்கே கலைத்தால் அவை கரைக்குத்தானே போகும் என்று கணக்குப் போட்டு, "விடாமக் கலை" என்று மாமிக்குச் சொல்லிவிட்டுச் சோற்றோடு போனேன். அவை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத் திரும்பவும் நம் வளவுக்கே வந்தன. வெள்ளை மணலை அவை திரும்பியும் பார்க்கவில்லை.

ஞாயிறு விடியவே எல்லாரும் வள்ளத்துக்கு ஆயத்தம். கில்பட் சேர் மட்டும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நம் வீட்டு வாசலில் வந்து நின்றார். "முத்தலிபு நானா, ஒரு அவசரம்" என்றார். பின்பக்கத்தைக் காட்டினேன். கழுத்தில் தூரக்கண்ணாடியோடேயே ஓடினார். அதைக் கழற்றி வைக்கவும் நேரமில்லை, பாவம். அந்நிய ஆண் பின்வளவுக்கு வந்ததும் மாமி விளக்குமாற்றைப் போட்டுவிட்டுக் குசினிக்குள் போய்க் கதவைச் சாத்திவிட்டா. மரியாதைக்காக நானும் முன்வாசலில் நின்றேன். போனவர் போனவர்தான். கரையிலிருந்து ஆள் மேல் ஆள் வந்து கேட்கிறார்கள். வெயிலும் ஏறிவிட்டது. மல்லித்தண்ணி காய்ச்சிக்கொண்டு மூலையில் நின்று, "சேர், எப்பிடிச் சுகம்?" என்று சத்தமாகக் கேட்டேன். உள்ளே இருந்து "ஸ்ஸ்ஸ்" என்று ஒரு சத்தம். வயிற்று நோவு உச்சத்துக்குப் போனால் மனிதன் அப்படித்தான் ஊதுவான். கொஞ்ச நேரத்தில் "மாதாவே!" என்று ஒரு முனகல். மகளின் வாழ்க்கையை ஒரு வட்டிலப்பம் கெடுத்துவிட்டதே என்று அந்த இடத்திலேயே குந்திவிட்டேன்.

வள்ளப் பயணமும் தவறிப்போனது. கடைசியில் சேர் வெளியே வந்தார். கால் விறைத்து நடக்க முடியவில்லை, கண் கலங்கியிருந்தது. என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "நானா, உங்கட வீடு..." என்றார். பகல் சோறும் தின்னாமல் எல்லாரையும் கூட்டிக்கொண்டு போய்விட்டார். இந்த மனிதன் உங்களுக்கு இடமாற்றம் தருவாரா? முட்டை பழசு என்கிறேன் நான். குற்றம் வட்டிலப்பத்தில் இல்லை, கக்கூசுச் சுவரில் காற்றுக்கு விட்ட ஓட்டையால் உள்ளே போன மீன்நாற்றத்தில்தான் என்கிறா மாமி. வீட்டில் நிம்மதி வேண்டுமே என்று இன்று சுபஹு தொழுத கையோடு பஸ்தியானைக் கூப்பிட்டு, அந்த ஓட்டையைத் தகரம் வைத்து அறைந்துவிட்டேன். கழிவையெல்லாம் ஆழமாகப் புதைத்துச் சுண்ணாம்பும் போட்டாயிற்று. இனி இந்த வளவுக்கு ஒரு குருவி வராது.

மகன், உங்களிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு வெட்கமில்லை. சுல்பாவிடம் மட்டும் நீங்களே பக்குவமாகச் சொல்லுங்கள். அவளுக்கென்று வெள்ளையடித்து வைத்த அறையை மாமி இன்று காலை பூட்டிவிட்டா. சின்னவனின் கொப்பளிப்பானுக்கு வேப்பிலை அனுப்புகிறேன். உங்கள் எல்லாருக்கும் அல்லாஹ் நீண்ட ஆயுளையும் எனக்குக் கொஞ்சம் புத்தியையும் தருவானாக.

இப்படிக்கு,
குருவியும் மகளும் கைக்கு வராத மாமா,
முத்தலிபு.

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டப் போகும்போது கில்பட் சேர் போன் எடுத்தார். வயிற்றில் அவருக்கு ஒன்றுமில்லையாம், வட்டிலப்பம் அமிர்தமாம். அந்தக் காற்று ஓட்டையால் பார்த்திருக்கிறார். வாலிப வயதிலிருந்து அவர் தேடித் திரிந்த ஏதோ குளிர்தேசத்துக் கடற்காகம், பெயரை இரண்டு தரம் சொன்னார், எனக்குப் பிடிபடவில்லை, கைக்கெட்டும் தூரத்தில் மீன்தலை தின்றுகொண்டு நின்றதாம். மற்றவர்கள் வந்து கலைத்துவிடுவார்கள் என்றுதான் வாய் திறக்கவில்லையாம். "இப்பிடி ஒரு இடத்த விட்டுட்டுக் கொழும்பில இருக்கிறவன் மடையன் நானா" என்றார். ஆகவே புத்தளம் கதிரைக்கு அவரே வரப்போகிறார், வெள்ளிக்கிழமை அந்த இடமாற்றத்துக்கு எழுதிக் கொடுக்கிறார். "லத்தீப் கெட்டிக்காரன், கொழும்பில என்ட கதிரையில அவன் இருக்கட்டும்" என்றும் சொன்னார். மருமகனின் உத்தியோகம் உயர்ந்ததைக் கேட்டு அழுத ஒரே மாமன் நானாகத்தான் இருப்பேன். நான் அல்லாஹ்விடம் மகளைக் கேட்டேன், அவன் எனக்கு உங்கள் சேரைத் தந்திருக்கிறான். ஓட்டையை அடைக்க வேண்டாம் என்றும் சொன்னார், மாமி இப்போது தகரத்தைக் கழற்றுகிறா.

ஆனால் வெள்ளிக்கு இன்னும் நாள் இருக்கிறது. உங்கள் வீடு வெள்ளவத்தைக் கடலுக்குக் கிட்டத்தானே? இந்தக் கடிதத்தைக் கொண்டுவரும் பஸ்தியானிடம் ஒரு சாக்கு இருக்கும். உள்ளே இன்று வெட்டிய மீனின் குடலும் தலையும். உங்கள் பின்வளவில் கொட்டுங்கள், ஆழமாக மூட வேண்டாம். வியாழன் விடியவே கில்பட் சேரைத் தேத்தண்ணிக்குக் கூப்பிட்டுக் கக்கூசுக்குள் விடுங்கள். கொழும்பிலேயே குருவி கிடைத்தால் அவர் ஏன் புத்தளத்துக்கு எழுதிக் கொடுக்கிறார்? சுல்பா மூக்கைப் பொத்தினால், இந்த நாற்றம்தான் உன்னை வாப்பாவிடம் கொண்டுவந்து சேர்க்கும் என்று சொல்லுங்கள்.