நானூறு கதிரைகளும் ஒரு நன்றியுரையும்

இணுவிலுக்கும் உடுவிலுக்கும் இடையில் பிறந்து, கதிரை அண்ணையின் கதிரையில் ஒரு தடவையாவது இருக்காமல் இந்த உலகத்தை விட்டுப் போனவர் எவரும் இல்லை. கலியாணவீடு, பிள்ளை பெரிசான சாமத்தியவீடு, செத்தவீடு, சனசமூக நிலைய ஆண்டுவிழா எல்லாவற்றுக்கும் அவருடைய நீலப் பிளாஸ்ரிக் கதிரைகள்தான். என்னுடைய முதலாவது புத்தக வெளியீட்டுக்கும் அவைதான் வந்தன. போட்ட இருநூறு கதிரைகளில் பதினெட்டில் ஆட்கள் இருந்தார்கள். அதிலும் நாலு பேர் பந்தல் கழற்ற வந்தவர்கள். மேடையில் நான் பேச்சுக் கடதாசியைப் புரட்டிக்கொண்டு நின்றபோது பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது.

"கதையுங்கோ தம்பி. கதிரையள் கேட்டுக்கொண்டுதானே இருக்குது."

அதுதான் கதிரை அண்ணை. அவருடைய சொந்தப் பெயர் அடையாள அட்டைக்கு மட்டும் தெரியும்.

நானூறு கதிரைகளுக்கும் முதுகில் வெள்ளைப் பெயின்ரால் இலக்கம் போட்டிருந்தார். ஒவ்வொன்றின் குணமும் அவருக்கு அத்துப்படி. "உந்த நாற்பத்தேழு கலியாணவீட்டுக்குச் சரிவராது. உதிலை இருக்கிறவை சண்டை பிடிப்பினம்" என்பார். "பிறகு என்ன செய்வீங்கள்?" என்று கேட்டேன். "கூட்டங்களுக்குக் குடுப்பன். அங்கை எப்பிடியும் சண்டைதானே."

இப்படி நிம்மதியாக இருந்தவரின் வாழ்க்கையில் சுன்னாகத்துப் புது நிறுவனம் ஒன்று வந்து விழுந்தது. அவர்களுடைய கதிரைகளுக்குச் சட்டை போட்டு, முதுகில் பட்டுநாடாவால் முடிச்சும் போட்டிருந்தார்கள். அதைக்கூட அண்ணை பொறுத்துக்கொண்டார். ஆனால் அவர்களுக்கு இணையத்தளம் இருந்தது. கனடாவிலோ சுவிஸிலோ இருந்தபடி வங்கி அட்டை இலக்கத்தை அடித்தால் காசு வந்து விழும். ஒரே ஆவணி மாதத்தில் மூன்று கலியாணங்கள் அண்ணையின் கையை விட்டுப் போயின.

"விளங்குதோ தம்பி? கதிரையிலை இருக்கிறவன் ஊரிலை. காசு குடுக்கிறவன் வெளிநாட்டிலை. நான் இவ்வளவு நாளும் இருக்கிறவனோடை கதைச்சுக்கொண்டு இருந்திட்டன்."

அவருடைய மனைவி, நாங்கள் எல்லோரும் அக்கா என்று கூப்பிடுபவர், அவ்வளவு தத்துவமாகப் பேசவில்லை. "இஞ்சாருங்கோ, தைப்பொங்கலுக்குள்ளை உந்தக் கதிரையளுக்கு ஒரு வழி பாருங்கோ. இல்லாட்டிப் பழைய பிளாஸ்ரிக் வாங்கிறவனுக்கு நிறுத்துக் குடுத்துப்போடுவன். கொட்டிலுக்குள்ளை நானூறு பேர் வந்து இருக்கிற மாதிரிக் கிடக்குது. ஒருத்தருக்கும் தேத்தண்ணி குடுக்கவும் ஏலாது."

நாலு மாதம் இருந்தது. அண்ணை இணையத்தளம் கட்டத் தொடங்கினார்.

ஒருவரிடமும் காசு கொடுத்துச் செய்விக்க மாட்டாராம். மகள் கொழும்புக்குப் போகும்போது விட்டுப்போன மடிக்கணினியைத் தூசி தட்டி எடுத்தார். அதில் ஒரு விசை கழன்றிருந்தது. அந்த இடத்தைத் தீக்குச்சியால் குத்துவார். படங்களையும் பெட்டிகளையும் இழுத்து இழுத்து ஒட்டித் தளம் கட்டும் சேவை ஒன்றைக் கண்டுபிடித்து, யூரியூப்பில் பாடம் படித்தார். பாடம் நடத்தியவர் முழுக்க முழுக்க ஹிந்தியில் பேசினார்.

"அண்ணை, உங்களுக்கு ஹிந்தி விளங்குமோ?"

"அவன் என்ன சொல்லுறான் எண்டு ஆருக்குத் தேவை? எங்கை அமத்துறான் எண்டு பாத்தால் காணும்."

இரண்டு கிழமையில் தளம் தயார். என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். நான் பார்த்தேன், பார்த்தேன், பார்த்துக்கொண்டே இருந்தேன். நானூறு கதிரைகளையும் தனித்தனியாகக் குளிப்பாட்டி, தனித்தனியாகப் படம் பிடித்து, நானூறு பொருட்களாகப் போட்டிருந்தார். ஒவ்வொன்றுக்கும் கீழே குணவிபரம். "இலக்கம் 212. அமைதியானது. வயது போனவர்களுக்கு உகந்தது." கலியாணத்துக்கு இருநூறு கதிரை வேண்டுமென்றால் இருநூறு தடவை அமத்த வேண்டும்.

"எத்தினை கதிரை வேணும் எண்டு ஒரு பெட்டியிலை கேட்டால் போதாதோ?" என்றேன்.

"அப்ப அவைக்கு எந்தக் கதிரை வருதெண்டு எப்பிடித் தெரியும்?" உண்மையாகவே திகைத்துப் போனார். ரொறன்ரோவில் ஒரு அம்மா நூற்று முப்பதாவது கதிரையில் கை வலித்து விட்டுவிட்டார் என்று செய்தி வந்த பிறகுதான் பெட்டி வைத்தார். ஆனாலும் நாற்பத்தேழின் பக்கத்தை அழிக்க அவருக்கு மனம் வரவில்லை.

அடுத்தது காசு வாங்கும் வழி. கொழும்பில் அதற்கென்றுள்ள ஒரு கம்பனி வியாபாரப் பதிவு, வங்கிப் புத்தகப் பிரதி எல்லாம் கேட்டது. காசு திருப்பிக் கொடுக்கும் விதிகளும் எழுத்தில் வேண்டும் என்றது. எழுத்து என்றால் எழுத்தாளர். வந்து என் வீட்டு முற்றத்தில், தானே கொண்டுவந்த கதிரையில் இருந்தார்.

"கலியாணம் குழம்பினால் காசு திருப்பிக் குடுக்கிறதோ அண்ணை?"

"ஆர் குழப்பினது எண்டு பாக்கவேணும்."

"அதை எப்பிடி விதியிலை எழுதுறது?"

"எழுதுங்கோ. மாப்பிளை வீட்டார் குழப்பினால் காசு இல்லை. பொம்பிளை வீட்டார் குழப்பினால் அரைவாசி. ரெண்டுபேரும் சேர்ந்து குழப்பினால் முழுக்கக் குடுக்கலாம். ஒற்றுமையான சனம், பிறகும் வருவினம்."

அப்படியே எழுதினேன். கம்பனி எப்படி ஏற்றுக்கொண்டது என்பது இன்றைக்கும் எனக்கு விளங்காத விஷயம்.

காசு கட்டி முடிந்ததும் வாடிக்கையாளருக்கு உறுதிச்செய்தி ஒன்று திரையில் தெரியவேண்டும் என்பதும் கம்பனியின் சட்டம். அதையும் நான்தான் எழுதினேன். இதை நன்றாகக் கவனித்துக்கொள்ளுங்கள். என் எழுத்து வாழ்க்கையில் ஆக அதிகம் பேர் வாசித்த வசனங்கள் அவை: "தங்கள் இல்ல நிகழ்வு இனிதே சிறக்க வாழ்த்துகிறோம். இதுபோன்ற நிகழ்வுகள் தங்கள் இல்லத்தில் அடிக்கடி நடைபெறப் பிரார்த்திக்கிறோம். நன்றி, மீண்டும் வருக." வசனத்துக்குப் பின்னால் நிறம் நிறமாகப் பலூன்கள் மேலே போகும். பலூன் அண்ணையின் கைவண்ணம்.

அண்ணையின் வீட்டில் இருந்தபடி பரீட்சார்த்தமாக முதல் காசு கட்டியதும் நான்தான். ஒரே ஒரு கதிரை, ஒரே ஒரு நாள். அண்ணையின் கைபேசி "டிங்" என்றது. மனிதர் எழும்பினார், இருந்தார், திரும்ப எழும்பினார். "அக்காவுக்குச் சொல்லுங்கோ, வந்திட்டுது, காத்திலை வந்திட்டுது!" என்று கத்தியபடி கொட்டிலுக்குள் ஓடினார். நான் வீடு போய்ச் சேர்ந்து கால் மணித்தியாலத்தில் சைக்கிளில் ஒரு கதிரையைக் கட்டிக்கொண்டு என் வீட்டு வாசலில் நின்றார்.

"அண்ணை, அது சும்மா பாக்கிறதுக்குக் கட்டினது."

"காசு கட்டினீங்களோ இல்லையோ? இருங்கோ."

இருந்தேன். அந்தி வரைக்கும் இருக்க வைத்துத்தான் திருப்பிக் கொண்டுபோனார்.

பிறகு உண்மையான "டிங்"குகள் வரத் தொடங்கின. சுவிஸிலிருந்து ஒரு சாமத்தியவீடு, லண்டனிலிருந்து ஒரு கலியாணம். ஒவ்வொரு தடவையும் எனக்குத் தொலைபேசி எடுப்பார். "தம்பி, நோர்வே! நோர்வேயிலை இருந்து எழுபது கதிரை!" ஏதோ நோர்வே நாடே எழுந்து நின்று இடம் கேட்டது போல.

கார்த்திகை மாதம் ஒரு காலை, உடுவிலில் ஓய்வுபெற்ற தபாலதிபர் ஒருவர் காலமானார். ரொறன்ரோவிலிருந்த மகன் செய்தி கேட்ட உடனேயே அண்ணையின் தளத்தில் நூறு கதிரையும் ஒரு பந்தலும் பதிந்து காசைக் கட்டினான். அவனுடைய திரையில் என் வசனம் வந்தது. பலூன்களும் வந்தன.

எங்களுக்கு ஒன்றும் தெரியாது. லான்ட்மாஸ்ரர் உழவு இயந்திரத்தின் இழுவைப்பெட்டியில் கதிரைகளை ஏற்றி, ஆள் போதாததால் நானும் பெட்டியில் ஏறிக்கொண்டு போய் இறங்கினோம். படலையிலேயே தபாலதிபரின் மருமகன் மறித்தார். கைபேசியை நீட்டினார். எங்கள் லான்ட்மாஸ்ரர் வந்து சேருமுன்னர், மகன் எடுத்த அந்தத் திரையின் படம் குடும்பக் குழுவுக்கு வந்து, ஊர்க் குழுவுக்கும் போய்ச் சேர்ந்திருந்தது.

"அண்ணை, இதை ஒருக்கால் வாசியுங்கோ. எங்கடை வீட்டிலை இது அடிக்கடி நடக்கவேணுமோ?"

அண்ணை வாசித்தார். செத்தவீட்டிலிருந்து புறப்படும்போது "போட்டு வாறன்" என்றுகூடச் சொல்லாத ஊர் இது. அந்த ஊரில், அந்த வீட்டுக்கு, மீண்டும் வருக.

"திருப்பிக் கொண்டு போங்கோ. சுன்னாகத்துக்குச் சொல்லியாச்சு. இனி இந்த ஊரிலை ஒருத்தரும் உங்கடை கதிரையிலை இருக்க மாட்டினம்."

நான் பெட்டிக்குப் பின்னால் இரண்டு கையிலும் இரண்டு கதிரையோடு நின்றேன். வாயைத் திறக்கவேண்டிய இடம் அதுதான். நான் கதிரைகளின் முதுகிலிருந்த இலக்கங்களை வாசித்துக்கொண்டிருந்தேன்.

"நான்தான் தம்பி எழுதினது," என்றார் கதிரை அண்ணை மருமகனைப் பார்த்து. "எனக்குப் படிப்புக் காணாது. கலியாணவீட்டை நினைச்சு எழுதினன். பெரிய பிழை."

மருமகன் அசையவில்லை. வாசலில் ஐம்பது அறுபது பேர் நின்றபடி பார்த்தார்கள். அப்போது உள்ளேயிருந்து தபாலதிபரின் மனைவி வெளியே வந்தார். அழுதழுது குரல் கம்மியிருந்தது.

"வந்த சனம் முழுக்க வெய்யிலுக்கை நிக்குது. நீங்கள் நிண்டு வசனம் வாசிச்சுக்கொண்டிருக்கிறியள். இறக்குங்கோ கதிரையளை."

இறக்கினோம். நூறு கதிரைகளை அவ்வளவு சத்தமில்லாமல் யாரும் அடுக்கியிருக்க மாட்டார்கள்.

அன்று பின்னேரமே அண்ணை கொழும்புக் கம்பனிக்குத் தொலைபேசி எடுத்தார். செத்தவீட்டுக்குத் தனிப் பக்கம் செய்யப்போவதாகவும், காசு கட்டினால் அதில் ஒரு செய்தியும் வரக்கூடாது என்றும் சொன்னார். மறுமுனையில் ஒரு பெண்பிள்ளை தமிழில் விதிகளை விளக்கினாள்.

"பிள்ளை, செத்தவீட்டாலை வெளிக்கிடேக்கை என்ன சொல்லுவீங்கள்?"

"ஒண்டும் சொல்லமாட்டம் அங்கிள்."

"பிறகு என்ரை தளம் மட்டும் ஏன் சொல்லவேணும்?"

அந்தப் பிள்ளை யாரோடோ கதைத்து வழி கண்டுபிடித்தாள். பற்றுச்சீட்டு இலக்கம் மட்டும் சின்னதாய் வரும். பிறகு திரை தானாகவே வெள்ளையாகிவிடும். அவ்வளவுதான். அதைச் சரிக்கட்ட அண்ணைக்கு மூன்று கிழமை எடுத்தது. நானூறு கதிரைகளைக் குளிப்பாட்டியதைவிடக் கவனமாகச் செய்தார். முடிந்ததும் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். ஒன்றுமில்லாத வெள்ளைத் திரையை நாங்கள் இரண்டுபேரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்து பெருமையோடு பார்த்தோம்.

தபாலதிபரின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியைக்கு முதல்நாள் ஒரு "டிங்" வந்தது. ரொறன்ரோ. உடுவில். நூற்றைம்பது கதிரை. அண்ணை கத்தவில்லை. கைபேசியை அக்காவிடம் நீட்டினார். அக்கா வாசித்துவிட்டு, "கழுவிப்போட்டுக் கொண்டுபோங்கோ" என்றார். தைப்பொங்கலும் வந்து போனது. பழைய பிளாஸ்ரிக் வாங்குபவர் படலையில் நின்று கூப்பிட்டபோது, கொடுப்பதற்குக் கொட்டிலில் கதிரைகள் இருக்கவில்லை. எல்லாம் கலியாணங்களுக்குப் போயிருந்தன.

அந்த உடுவில் வசனத்தைப் பற்றி ஊர் இன்னமும் சிரிக்கிறது. படிப்பில்லாத மனிசன் எழுதினால் அப்படித்தான் என்று என் முன்னாலேயே சொல்கிறார்கள். அண்ணை பக்கத்தில் இருந்தால் அவரும் சேர்ந்து சிரிப்பார். என்னைத் திரும்பிப் பார்த்ததே இல்லை. எழுதியவன் நான் என்று அவர் ஒருவருக்கும் சொல்லவில்லை, இனிமேலும் சொல்லமாட்டார். ஆகவே நான் சொல்கிறேன்.