ஆல்ப்ஸுக்குப் பத்து கிலோமீட்டர்

வரும் கோடை விடுமுறையில் குடும்பத்தோடு ஆல்ப்ஸ் மலைக்குப் போய் சைக்கிள் ஓட்டுவது என்று தீர்மானித்துவிட்டேன். நான் தீர்மானித்தால் தீர்மானித்ததுதான்.

கச்சிராயபாளையத்தில் உரக்கடை வைத்திருக்கும் கொளஞ்சியப்பனுக்கு ஆல்ப்ஸ் எதற்கு என்று கேட்பீர்கள். என் சகலை அய்யப்பன் சிங்கப்பூர் போய் வந்து ஒரு வருஷம் ஆகிறது. உடம்பு தியாகதுருகத்துக்குத் திரும்பிவிட்டது. வாய் இன்னும் திரும்பவில்லை. பந்தியில் ரசம் ஊற்றினால்கூட, "சிங்கப்பூர்ல..." என்று ஆரம்பிக்கிறான். அந்த வாயை அடைக்க ஒரு மலை வேண்டும். சின்ன மலை போதாது.

கைபேசியில் ஒரு வெள்ளைக்காரக் குடும்பத்தைப் பார்த்தேன். அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள் மலைச்சரிவில் சைக்கிளில் இறங்குகிறார்கள். ஓரத்தில் மணி கட்டிய மாடுகள். அந்த நிமிஷமே முடிவு செய்துவிட்டேன்.

இதில் ஒரு முரண்பாடு உண்டு, ஒப்புக்கொள்கிறேன். பிளஸ் ஒன் படிக்கும் என் மகள் அபிநயாவுக்குப் பள்ளியில் கொடுத்த இலவச சைக்கிள், சுற்றிய பிளாஸ்டிக்கூடப் பிரிக்காமல் எட்டு மாதமாக வீட்டில் நிற்கிறது. பள்ளி ஐந்து கிலோமீட்டர். நாலரை மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்று மாலைக் கணக்கு வகுப்பை விட்டுவிட்டு வருகிறாள். சைக்கிளில் அனுப்பலாமே என்று மனைவி செவ்வந்தி கேட்கும்போதெல்லாம் என் பதில் ஒன்றுதான்: "ரோட்ல கரும்பு டிராக்டர் ஜாஸ்தி."

ஆல்ப்ஸைப் பற்றிச் செவ்வந்தியிடம் சொன்னதும் சண்டை வரும் என்று பதில்களைத் தயாராக வைத்திருந்தேன்.

"போலாங்க," என்றாள்.

பதினேழு வருஷத்தில் அவள் உடனே சரி சொன்னது இதுதான் முதல் தடவை. நான் அப்போதே உஷாராகியிருக்க வேண்டும்.

"அந்த மலை நம்ம கல்வராயன் மலைய வுட ஒசரமா?"

"நாலு மடங்கு."

"அய்ய! அப்ப இப்பவே பழகணுமே. வாயால சொன்னா புள்ளைங்க கேக்காதுங்க. தாள்ல எழுதுங்க."

'ஆல்ப்ஸ் பயணம்' என்று தலைப்புப் போட்டதும் பேனாவைப் பிடித்துக்கொண்டாள்.

"பேர எழுதாதீங்க, கண்ணு பட்டுடும். எங்க அக்கா வூட்டுக்காரரு பாத்தாருன்னா நமக்கு முந்தி டிக்கெட்டு போட்டுடுவாரு."

என்ன மூளை! வேறு தாள் எடுத்தேன். 'கொளஞ்சியப்பன், அபிநயா: தினமும் பத்து கிலோமீட்டர் சைக்கிள். மூன்றாவது படிக்கும் மகன் அஜித்: தெருவில் பத்துச் சுற்று. சாக்குச் சொல்லக் கூடாது.'

"உனக்குத்தான் சைக்கிள் இல்லியே?"

"நான் சோறு கட்டிக்கினு வரேங்க."

கையெழுத்துப் போட்டு, கடை ரப்பர் ஸ்டாம்பையும் குத்தினேன். சாமி படத்துக்குப் பக்கத்தில் ஒட்டினாள்.

மறுநாள் காலை பிளாஸ்டிக் குப்பையில் கிடந்தது. அபிநயா புத்தகப் பையை கேரியரில் வைத்துக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"எங்கம்மா?"

"பயிற்சிப்பா. போவ அஞ்சு, வர அஞ்சு."

"டிராக்டர்..."

"அம்மாம்பெரிய மலைல எறங்கப் போறவ டிராக்டருக்கு பயந்தா இன்னாங்க ஆவறது?" என்றாள் செவ்வந்தி. தாளைப் பார்த்தேன். என் கையெழுத்து. என் ஸ்டாம்ப்.

வெளியே என் பழைய சைக்கிள் துடைத்து, காற்றடித்து நின்றது. என் மோட்டார் வண்டியின் சாவி அவள் இடுப்பில் இருந்தது.

"கடைக்கு நீங்க வண்டில போனா புள்ளைங்க மதிக்குமா?"

"உனக்கு வண்டி ஓட்டத் தெரியுமா?"

"ஞாயித்துக்கிழம மத்தியானம் தூங்கறீங்களே, அப்ப கத்துக்கினேன்."

விடுவேனா? நிஜ மலையைக் காட்டினால் மகள் தானே பின்வாங்குவாள் என்று, ஞாயிற்றுக்கிழமை வெள்ளிமலைச் சாலைக்குக் கூட்டிப் போனேன். முதல் வளைவில் நான் வீரன். இரண்டாவதில் இதயம் காதுக்குள் அடித்தது. மூன்றாவதில் கைப்பிடிச் சுவரோரம் படுத்துவிட்டேன். ஒரு குரங்கு கவலையோடு பார்த்தது.

முன்னால் ஏறிவிட்ட அபிநயா என்னைத் தேடி இறங்கி வந்தாள். அவளுக்குப் பின்னால் மரவள்ளிக்கிழங்கு லாரி ஒன்று வளைவில் திரும்பியது. கையூன்றி எழப் பார்த்தேன். அவள் வேகத்தைக் குறைத்தாள், ஓரம் ஒதுங்கினாள், இடது காலை ஊன்றினாள். லாரி போனது. ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி மிதித்தாள். இதை அவளுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? நான் இல்லை. எட்டு மாதமாக எந்தச் சின்னப் பெண்ணுக்காகப் பயந்துகொண்டிருந்தேனோ, அந்தப் பெண் அந்தச் சாலையில் எங்கும் இல்லை.

"தண்ணி குடிப்பா. மூச்ச மெதுவா வுடு."

பின்னாலேயே செவ்வந்தி அஜித்தோடும் புளிச்சோற்றோடும் என் வண்டியில் வந்து இறங்கினாள்.

மனசு இளகியதென்னவோ உண்மை. ஆனால் முழங்கால் இளகவில்லை. எனக்கு என் வண்டி வேண்டும். வீட்டுக்கு வந்ததும் அறிவித்தேன்: "ஆல்ப்ஸ் ரத்து. அபிநயா சைக்கிள்லயே போவட்டும். என் சாவியக் குடு."

"ரத்து பண்ணிக்குங்க, யாரு வேணான்னது? அந்தத் தாள்ல எங்கனா ஆல்ப்ஸ்னு எழுதிக்குதா பாருங்க."

பார்த்தேன். இல்லை. என் பெயர் இருந்தது, முதல் வரியிலேயே.

திங்கட்கிழமை அபிநயா எனக்கு முன்பே கிளம்பிவிட்டாள். சாயங்காலம் கணக்கு வகுப்பாம். நான் முனகிக்கொண்டே மிதித்தேன். பின்னால் ஹாரன் சத்தம். அஜித்தை ஏற்றிக்கொண்டு, என் வண்டியில் என்னைக் கடந்துபோன செவ்வந்தி திரும்பிப் பார்த்துச் சொன்னாள்:

"ஓரமாவே போங்க. ரோட்ல கரும்பு டிராக்டர் ஜாஸ்தி."