மடிப்பு பாய் தேய்க்க மறுத்த சட்டை

ஒத்தக்கடை முதல் மேலூர் வரை எந்தெந்த வீட்டில் புருஷனும் பெண்டாட்டியும் பேசிக்கொள்வதில்லை என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே சொல்லக்கூடிய ஆள் இந்த உலகத்தில் ஒருவர்தான். மடிப்பு பாய். அவர் ஜோசியரும் இல்லை, மனநல டாக்டரும் இல்லை. எங்கள் தெருமுனைக் காலிமனையில் வண்டி போட்டுத் துணி தேய்த்துக்கொண்டிருந்தார். சட்டையை அவர் மடித்தால் பிரிக்க மனசு வராது. அதனால் அந்தப் பெயர். சொந்தப் பெயரை நாங்கள் யாரும் கேட்டதில்லை. எங்கள் பெயர், நட்சத்திரம், மாமியார் கோபம் எல்லாம் அவருக்குத் தெரியும்.

எனக்கு அவரைக் கண்டாலே சந்தேகம். துணி தேய்க்கிறவனுக்கு எதுக்குய்யா ஊர்க் குடும்பக் கதை?

எதிர்வீட்டு வாத்தியாரை ஒருநாள் நடுத்தெருவில் நிறுத்திக் கேட்டார். "சார், ஒரு வாரமா ஒங்க வேட்டி மட்டும் தனிப் பையில வருதே, டீச்சரம்மா சேலையெல்லாம் ஏன் வேற பையில வருது?"

வாத்தியார் முகம் சிவந்துவிட்டது. "ஒன் வேலையப் பாருய்யா!"

"என் வேலையத்தான் பாக்குறேன் சார். ரெண்டு பை, ரெண்டு நடை. நாளைக்கு நீங்களே காப்பி போட்டுக் குடுங்க. குடுத்துட்டு வாயத் தொறக்காதீக. நீங்க வாயத் தொறந்தாத்தான் வம்பே."

அடுத்த வாரம் வேட்டியும் சேலையும் ஒரே பையில் வந்தன. தெருவே வியந்தது. நான் மட்டும் நம்பவில்லை. இவருக்கு யாரோ துப்புக் கொடுக்கிறார்கள். முதலில் பால்காரம்மாவைச் சந்தேகப்பட்டேன். பிறகு தண்ணி கேன் போடுகிறவரை. கடைசியில், எல்லா வீட்டு வாசலிலும் படுத்துக் கிடக்கும் செவலை நாயைக்கூடக் கொஞ்சம் கவனித்தேன்.

பாயை மடக்க ஒரு பொறியும் வைத்தேன். வீட்டில் எந்தச் சண்டையும் இல்லாத ஒருநாள், என் சட்டைகளை மட்டும் தனிப் பையில் எடுத்துப் போய்க் கொடுத்தேன். முகத்தையும் தொங்கப் போட்டுக்கொண்டேன்.

பாய் பையைத் திறந்து பார்த்துச் சிரித்தார். "என்னண்ணே, பரிட்சை வைக்கிறீகளா? சண்ட போட்ட வீட்ல புருஷன் சட்டைய யாரு இம்புட்டு அழகா மடிச்சு வப்பா?"

உண்மைதான். கொடியிலிருந்து எடுத்து மடித்து வைத்தது என் மனைவி கலா. எனக்குச் சந்தேகம் இரட்டிப்பாகிவிட்டது.

இத்தனைக்கும் இந்த நிபுணரின் சொந்த வீட்டு லட்சணம் வேறு. வாரத்துக்கு ஒருமுறை அவர் சம்சாரம் ஸ்கூட்டியில் வந்து இறங்குவார். "ஊரு சண்டையெல்லாம் தீத்து வைக்கிறாராம்! வீட்ல கேஸ் தீந்து மூணு நாளாச்சு, கேளுங்க இந்த மனுசன!" பாய் தலையைக் குனிந்து, தேய்த்த சட்டையையே மறுபடி தேய்ப்பார். அந்தம்மா போன பிறகு எங்களிடம், "இதுக்குப் பேருதான் அடக்கி வைக்காம வெளிய கொட்டுறது. மனசுக்கு ரொம்ப நல்லதுண்ணே" என்பார்.

இப்படியிருக்கும்போது கப்பலூரில் நான் வேலை பார்த்த கம்பெனியில் எங்கள் மிஷின் பிரிவை மூடிவிட்டார்கள். பதினாலு வருஷ வேலை, ஒரு மத்தியானத்தில் முடிந்தது. வீட்டில் சொல்ல வாய் வரவில்லை. மறுநாளும் வழக்கம்போலத் தேய்த்த சட்டை, டிபன் பாக்ஸ், ஹெல்மெட்டோடு கிளம்பினேன். பெரிய பூங்கா ஒன்றில் சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு, சாயங்காலம் 'இன்னைக்கு ஒரே வேலை' என்று அலுத்துக்கொண்டே வீடு திரும்பினேன். பதினாறு நாள் இப்படியே ஓட்டினேன்.

பதினாறாம் நாள் சாயங்காலம் திரும்பும்போது, வண்டியருகே கலா நின்று பாயோடு பேசிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் இருவரும் பேச்சை நிறுத்தினார்கள். அன்று ராத்திரி சோறு இறங்கவில்லை. அவள் பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போய்ப் படுத்துவிட்டாள்.

மறுநாள் காலை சட்டையைத் தூக்கிக்கொண்டு சண்டைக்கே போனேன்.

"எங்க வீட்டம்மாகிட்ட என்னய்யா சொன்ன?"

பாய் சட்டையை வாங்கவில்லை. "இதத் தேய்க்க மாட்டேன்."

"ஏன்?"

"எங்க போறதுக்கு அண்ணே?"

நீட்டிய சட்டையை மெல்லப் பின்னுக்கு இழுத்துக்கொண்டேன்.

பாய் குரலைத் தணித்தார். "ஒங்க சட்டையில தொவச்சாலும் மிஷின் ஆயில் வாடை அடிக்கும். ரெண்டு வாரமா அது இல்ல. ஒங்க வீட்டுத் தங்கச்சியும் அதக் கவனிச்சிருக்கு. 'பாய், அவருக்கு வேற எங்கயாச்சும் தொடர்பு இருக்கா, ஒளிக்காமச் சொல்லுங்க'ன்னு அழுகுது."

"அய்யய்யோ! நீ என்ன சொன்ன?"

"வேற வீட்டுக்குப் போறவன் காலரு இப்படி அழுக்காகாதும்மா, இது வெயில்ல சும்மா ஒக்காந்து கெடக்குறவன் காலருன்னு சொன்னேன். அதுக்கு மேல எனக்குத் தெரியாது, தெரிஞ்சாலும் நான் சொல்லக் கூடாது. நீங்க போய்ச் சொல்லுங்க. இந்தக் கசங்கின சட்டையோடயே போங்க."

போனேன். அடுப்படி வாசலில் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். கலா கரண்டியைக் கீழே வைத்தாள். திட்டப் போகிறாள் என்று நினைத்தேன்.

"பதினாறு நாளா அந்த வெயில்லயா ஒக்காந்திருந்தீக?" என்றாள். "நான் வேற தயிர்ச்சோறா கட்டிக் குடுத்தேன். மத்தியானத்துக்குள்ள புளிச்சிருக்குமே."

சொல்லிவிட்டு அழுதாள். நானும் அழுதேன். பிறகு ரெண்டு பேருமாக உட்கார்ந்து, யார் யாரிடம் வேலை கேட்கலாம் என்று பேசினோம். அப்படிப் பேசி வருஷக்கணக்காகியிருந்தது. மூன்று மாதம் கழித்து செல்லூரில் ஒரு விசைத்தறிக் கூடத்தில் மேற்பார்வை வேலை கிடைத்தது. அதுவரை கலா ஒருநாளும் முகம் சுளிக்கவில்லை.

ஆனாலும் பாய் மேல் என் சந்தேகம் முழுசாகப் போகவில்லை. அன்றைக்குக் கலாவிடம் இன்னும் ஏதோ சொல்லியிருக்கிறார். கேட்டால் ரெண்டு பேருமே சிரிக்கிறார்கள்.

போன வருஷம் அந்தக் காலிமனையில் வீடு கட்ட ஆரம்பித்தார்கள். பாய் வண்டியைத் தள்ளிக்கொண்டு திருமோகூர் பக்கம் போய்விட்டார். ஞாயிற்றுக்கிழமை காலையில் நானும் கலாவும் ஒரே பையில் துணியை அள்ளிக்கொண்டு அங்கே போய்க் கொடுத்துவிட்டு வருகிறோம்.

போகிற வழியில் நாலு அயர்ன் கடை இருக்கிறது. இருந்துவிட்டுப் போகட்டும்.