ஆபீசர் முதுகில் மாக்கோலம்

அந்தக் காலத்தில் எங்கள் குடும்பம் முழுவதும் என்னைச் சுங்க அதிகாரி என்று நம்பியது. வாலாஜாபாத் சந்தையில் "எங்க பொண்ணு கஸ்டம்ஸ்ல கீறா" என்று சொல்லாமல் அம்மா கத்தரிக்காய்கூட வாங்குவதில்லை. உண்மையில் நான், வல்லம் வடகாலில் ஒரு சிறிய உதிரிபாகத் தொழிற்சாலையில், சுங்கத்துறை கேட்கும் கேள்விகளுக்குப் பதில் தயாரிக்கும் எழுத்தர். (மறுத்துப் பேச எனக்கும் மனம் வரவில்லை. பஸ்ஸில் தெரிந்தவர்கள் எழுந்து இடம் கொடுத்தார்கள்.)

எங்களிடம் வரி கட்டாமல் இறக்குமதி செய்த இயந்திரம் ஒன்று இருந்தது. அந்தச் சலுகைக்கு ஈடாக, அதில் செய்யும் பொருள்களைக் குறித்த மதிப்புக்கு ஏற்றுமதி செய்து காட்ட வேண்டும். அதுவரை அது எங்கள் கூரையை விட்டு நகரக் கூடாது. அது அதே இயந்திரம்தான் என்பதற்கு முகப்புத் தகட்டில் இருந்த எண்ணே சாட்சி. சாட்சி தவறினால் வரியையும் வட்டியையும் கட்ட வேண்டும். அதற்கு இயந்திரத்தையே விற்றுவிடுவேன் என்று முதலாளி சொல்லியிருந்தார். இயந்திரம் போனால் அதை ஓட்டிய அருள்தாஸும் தூத்துக்குடிப் பக்கத்துத் தன் ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான். சுங்குவார்சத்திரத்தில் அறை எடுத்துத் தங்கியிருந்த அவரிடம், "ஷிப்ட் முடிஞ்சுதா?" என்பதற்கு மேல் நான் எதுவும் பேசியதில்லை. பேச வேண்டியவை நிறைய இருந்தன.

அதிகாரி பார்வையிட வரும் நாளில், எண்ணெய்ப் பிசுக்கில் எண் தெரியாமல் போய்விடுமோ என்ற கவலையில் சீக்கிரமே போனேன். உலோகத்தைத் துலக்க என் கைக்குத் தெரிந்த வழி ஒன்றே: புளி, சாம்பல், தேங்காய் நார். தகடு முகம் பார்க்கும் அளவுக்கு மின்னியது. அந்தத் திருப்தியில், இயந்திரத்தின் முன்னால் ஒரு பெரிய மாக்கோலமும் போட்டேன்.

அருள்தாஸ் வந்து தகட்டைக் குனிந்து பார்த்தார். "இது என்ன குத்துவிளக்கா மேடம்? நம்பரையும் சேத்துல்லா தேச்சிட்டீய."

அது பொறித்த எண் அல்ல, மேலே அச்சிட்ட எண் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

"இன்னாமா பண்ணி வெச்சிக்கிற? ஆபீசர் கேட்டாண்ட வந்துட்டாருமா" என்றார் முதலாளி.

வெள்ளைச் சீருடையில் வந்த அதிகாரி, தகட்டில் எண்ணைத் தேடித் தம் மீசையைக் கண்டார்.

"நம்பர் எங்கம்மா?"

"தேய்ச்சேன் சார்."

"எதால?"

"புளியால சார்."

அவர் கையிலிருந்த கோப்பை முன்னும் பின்னும் புரட்டினார். (சுங்கச் சட்டத்தில் புளியைப் பற்றி ஒன்றும் இல்லை போலும்.) பிறகு, "பாடியிலயும் அடிச்சிருப்பாங்களே, எங்க?" என்றார்.

"அடியில இருக்கு சார். அந்தப் பக்கம் சொவரு, இங்கன படுத்துத்தான் பாக்கணும். அட்டை எடுத்துட்டு வாரேன்" என்று அருள்தாஸ் ஓடினார்.

அவர் திரும்புவதற்குள் அதிகாரி என் ஈரக் கோலத்தின் மேல் மல்லாந்துவிட்டார். செல்போன் வெளிச்சத்தில் ஒவ்வோர் இலக்கமாக வாசித்தார். நான் இறக்குமதித் தாளில் விரலை நகர்த்தினேன். ஒவ்வோர் இலக்கத்துக்கும் அருள்தாஸ் ஊருக்கு பஸ் ஏறுவதும் இறங்குவதுமாக எனக்குத் தோன்றியது. கடைசி இலக்கமும் பொருந்தியது.

அதிகாரி எழுந்து நடந்தார். அவருடைய வெள்ளைச் சட்டையின் முதுகில், ஈர மாவில் என் சிக்குக் கோலம், ஓர் இழைகூடப் பிசகாமல். சொல்ல ஒருவருக்கும் துணிவில்லை. வண்டி அடுத்த தொழிற்சாலைக்காக ஒரகடம் பக்கம் திரும்பியபோது, கையில் அட்டையோடு நின்ற அருள்தாஸ் மெதுவாகச் சொன்னார்: "ஒங்க கோலம் ஏற்றுமதி ஆவுது மேடம்."

நான் சிரித்தேன். அவரும் சிரித்தார். அதற்குப் பிறகு, பேச வேண்டியவை தாமாக வந்தன.

கல்யாணத்துக்குப் பிறகு, மருமகன் அருள்தாஸ் வாயால்தான் அம்மாவுக்கு உண்மை தெரிந்தது. இன்றும் அம்மா வீட்டுக்குப் போய் நான் பாத்திரம் துலக்க உட்கார்ந்தால், "கஸ்டம்ஸ்காரிக்குப் புளி எடுத்துக் குடுங்க" என்பார் அம்மா.

ஏற்றுமதிக் கடமை முழுவதும் நிறைவேறியது. நகரக் கூடாத இயந்திரம் நகரலாம் என்று ஆனது; முதலாளி அதை விற்றார். அருள்தாஸ் மஸ்கட்டுக்கு வேலைக்குப் போனார். காலையில் போனில் முகம் தெரிந்ததும் முதலில் கேட்பது, "கோலம் போட்டாச்சா மேடம்? யாராச்சும் படுத்தாவளா?"

போட்டாயிற்று என்பேன். அவர் திரும்பி வந்து பெட்டியை இறக்கி வைக்கும் அளவுக்கு வாசலில் இடம் விட்டு, கொஞ்சம் தள்ளியே போடுகிறேன். வீட்டில் நானும் மகளும் இருக்கிறோம்.