ரத்து அக்காவின் விரல்

"நிச்சயமாக இந்த இடத்தை விட்டுக்கொடுக்கிறீர்களா?" என்று கணினி மூன்றாவது தடவை கேட்டபோதும் ரத்து அக்கா 'ஆம்' என்றுதான் அமுக்கினாள். அப்புறம்தான் திரையைப் படித்தாள்.

'கணக்கியல் பட்டப்படிப்பில் உங்கள் இடம் விடுவிக்கப்பட்டது. வாழ்த்துகள்.'

வாழ்த்து வேறு கேடு.

பேருந்து நிலையத்தில் டிக்கெட் ரத்து செய்யும் கவுண்டரில் பத்தொன்பது வருஷமாக உட்கார்ந்திருப்பவள் அவள். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் அடையாள அட்டையோடு நின்றுவிட்டது. மற்றபடி ஊருக்கே ரத்து அக்காதான். அங்கே அவள் திரையில் இடது பக்கம் ரத்துப் பட்டன். அப்புறம் மூன்று தடவை 'நிச்சயமா?' என்று கேட்கும். ஆம், ஆம், ஆம். இதற்கெல்லாம் கண் எதற்கு, விரலே பார்த்துக்கொள்ளும். கல்லூரிக்காரர்களும் போயும் போயும் 'விடுவி' பட்டனை இடது பக்கமாகவா வைத்துத் தொலைக்க வேண்டும்?

"பன்னண்டு மணிக்குள்ள சீட்டை உறுதி பண்ணணும்மா. நான் ஸ்கூல்ல மார்க் ஷீட் வாங்கப் போறேன், நீ பண்ணிடு" என்று காலையில் மகள் சொல்லிவிட்டுப் போனாள். இரண்டு வருஷம் மாங்கு மாங்கென்று படித்து வாங்கிய சீட்டு. வானிலை அறிவியலுக்கும் அவள் விண்ணப்பம் போட்டிருந்தாள். அதில் காத்திருப்போர் பட்டியலோடு சரி. "மழை வருமா வராதான்னு சொல்றதுக்கு மூணு வருஷப் படிப்பா?" என்று ரத்து அக்கா அந்தப் பேச்சை அப்போதே வெட்டிவிட்டாள்.

இப்போது மணி பத்தே முக்கால். மூக்குக்கண்ணாடிக் கடையில் இருந்த கணவருக்கு போன் போட்டாள்.

"ஏங்க, சீட்டு போச்சு."

"எந்த பஸ்ல?"

"நம்ம பொண்ணோட காலேஜ் சீட்டுங்க. கை தவறி விடுவிச்சுட்டேன்."

"அமுக்கறதுக்கு முன்னாடி படிச்சிருக்கலாம்ல?"

"உங்க கடையில கண் டெஸ்ட் பண்ற போர்டுல கடைசி வரி இருக்கே, அந்த அளவுல இருந்துச்சு எழுத்து."

"சரி சரி, பதறாத. நான் உள்ள போய்ப் பாக்கறேன். நம்ம கல்யாணத் தேதிதானே பாஸ்வேர்ட்?"

"ஆமா."

ஐந்து நிமிஷத்தில் அவரே கூப்பிட்டார். "மூணு தடவை போட்டேன். கணக்கைப் பூட்டிடுச்சு."

"எந்தத் தேதி போட்டீங்க?"

"கடைக்கு ஆள் வந்துட்டாங்க, அப்புறம் பேசறேன்" என்று அவர் போனை வைத்துவிட்டார்.

இந்தத் தேதி விவகாரத்தைச் சாயங்காலம் வைத்துக்கொள்ளலாம் என்று ரத்து அக்கா கல்லூரி உதவி எண்ணுக்கு அடித்தாள். உடனே மின்னஞ்சல் அனுப்பச் சொன்னார்கள். அவளுக்குத் தெரிந்தது அலுவலகத் தமிழ் ஒன்றுதான். 'மேற்படி இடத்தின் ரத்தினை ரத்து செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்' என்று எழுதி அனுப்பினாள்.

இரண்டே நிமிஷத்தில் பதில் வந்தது. 'உங்கள் ரத்துக் கோரிக்கை ஏற்கப்பட்டது. தங்களது விடுதி அறையும் ரத்து செய்யப்பட்டது.'

இதற்கு மேல் எதையாவது தொட்டால் மகளின் பள்ளிக்கூடத்தையே ரத்து செய்துவிடுவோம் என்று பயந்து, கிடைத்த செருப்பை மாட்டிக்கொண்டு கல்லூரிக்கு ஓடினாள்.

சேர்க்கை அலுவலகத்தில் கம்பி ஜன்னலுக்குப் பின்னால் குறுந்தாடி வைத்த குமாஸ்தா உட்கார்ந்திருந்தார். மணி பதினொன்றரை. மூச்சு வாங்க அவள் எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். அவர் நிதானமாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்.

"ரத்து ரத்துதான்மா. நான் ஒண்ணும் பண்ண முடியாது."

ரத்து அக்காவுக்குச் சுரீரென்றது. அவளுடைய அதே வசனம், அதே ராகம். ஜன்னலுக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டால் இவ்வளவு கேவலமாகவா இருக்கும்? வேறு வழியில்லாமல், பத்தொன்பது வருஷமாகப் பயணிகள் அவளிடம் விட்ட கதைகளை ஒவ்வொன்றாக எடுத்து விட்டாள்.

"சிஸ்டம் தானா பண்ணிடுச்சு சார்."

"சிஸ்டம் மூணு தடவை கேட்டிருக்குமே."

"உடம்பு சரியில்ல சார்."

"யாருக்கு?"

"எனக்குத்தான். இப்பத்தான் ஆரம்பிச்சுது."

அவர் அசையவில்லை. அடுத்ததை அவள் கம்பிக்குப் பக்கத்தில் வந்து சொன்னாள். இது கதையில்லை.

"எம் பொண்ணு தூக்கம் முழிச்சுப் படிச்சு வாங்கினது சார். என் அவசரத்தால போச்சுன்னா அவ மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்? நீங்களே சொல்லுங்க."

குமாஸ்தா ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தார். கூடவே ஒரு படிவமும் கொடுத்தார். "மறுபரிசீலனைப் படிவம். பொறுமையா எழுதுங்க."

எழுதி நீட்டினாள். "நீல மையில எழுதணும்மா" என்றார். நீல மையில் எழுதினாள். "ஒரு அடித்தல்கூட இருக்கக் கூடாதே" என்றார். மூன்றாவது படிவத்தை மூச்சைப் பிடித்துக்கொண்டு எழுதினாள். அதை அவர் ஒரு வரிகூட விடாமல் விரல் வைத்துப் படித்தார்.

"பொண்ணோட போட்டோ ஒண்ணு ஒட்டணும்."

கைப்பையைக் கொட்டிக் கவிழ்த்ததில், முன்பல் இரண்டும் இல்லாத ஒன்றாம் வகுப்புப் படம் ஒன்றுதான் அகப்பட்டது. அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு. ஆனா பழசு" என்று சொல்லும்போது சுவர்க் கடிகாரத்தில் மணி பன்னிரண்டு ஆகியிருந்தது.

"நேரம் முடிஞ்சுதும்மா."

ரத்து அக்கா கம்பியைப் பிடித்துக்கொண்டாள். பேருந்து நிலையக் கவுண்டரில் தான் விரட்டியடித்த அத்தனை பேரின் சாபமும் சேர்ந்து மகள் தலையில் இறங்கிவிட்டதாக நினைத்து விசும்பினாள். குமாஸ்தா தன் திரையை மெல்ல அவள் பக்கம் திருப்பினார்.

"அழாதீங்க. இதைப் பாருங்க."

வானிலை அறிவியல் என்று தலைப்பு. அதன் கீழே மகளின் விண்ணப்ப எண். பக்கத்தில் 'இடம் ஒதுக்கப்பட்டது' என்று இருந்தது.

"இதுல ஒரே ஒரு இடம் பாக்கி இருந்துச்சு. காத்திருப்புப் பட்டியல்ல உங்க பொண்ணுதான் முதல் ஆள். ஆனா கையில வேற சீட்டு இருந்தா குடுக்க மாட்டோம். பன்னண்டு மணிக்குள்ள அதை விட்டாத்தான் இது. நீங்க விட்டீங்க, இது வந்துடுச்சு."

"விடுதி?"

"இந்த சீட்டோட அதுவும் உண்டு."

அதற்குள் மகள் மார்க் ஷீட் உறையோடு படியேறி ஓடி வந்தாள். திரையைப் பார்த்தாள். வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். ரத்து அக்கா அவளை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். நேற்றுவரை வேண்டாத படிப்பு, இப்போது உலகத்திலேயே உசத்தியான படிப்பாகிவிட்டது.

"எம் பொண்ணு வானிலை படிக்கப் போறா" என்று வரிசையில் நின்றவர்களிடம் சொன்னாள். "குடை எடுக்கணுமா வேண்டாமான்னு இனிமே எல்லாரும் இவளைத்தான் கேக்கணும்."

கணவருக்கும் போன் போட்டாள். "எல்லாரும் யோசிச்சு யோசிச்சு நிக்கிற இடத்துல நான் பட்டுனு அமுக்கினேன் பாருங்க. அதிர்ஷ்டம்னா இதுதாங்க. என் விரலுக்கு மோதிரம் போடணும்."

மகள் மட்டும் தலையைக் குனிந்துகொண்டு உறையின் ஓரத்தை நீவிக்கொண்டிருந்தாள்.

குமாஸ்தா மூன்று படிவங்களையும் கிழித்துக் கூடையில் போட்டார். "அதிர்ஷ்டம்லாம் இல்லம்மா. சீட்டை விடவும் தைரியம் இல்லாம, உங்ககிட்ட சொல்லவும் தைரியம் இல்லாம மூணு நாளா இங்க வந்து நின்ன பொண்ணுகிட்ட, 'உறுதி பண்ணச் சொல்லி உங்க அம்மாகிட்டயே குடுத்துடு'ன்னு சொன்னது நான்தான். போன வருஷம் கையில டிக்கெட்டை வச்சுக்கிட்டு பஸ் எத்தனை மணிக்குன்னு கேக்க உங்க கவுண்டருக்கு வந்தவன் நான், ரத்துச் சீட்டோடதான் வீட்டுக்குப் போனேன்."