பொலன்னறுவையை நேரில் கண்டவர்

2024ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் இருபத்தைந்தாம் திகதி, புதன்கிழமை, காலை ஆறரை மணிக்குக் கல்முனையிலிருந்து பொலன்னறுவைக்குப் புறப்பட்ட வேனில் மூவரே இருந்தனர்: ஆகிலா, அவளுடைய கணவர் ஸலாஹுதீன், சாரதி நிப்றாஸ். பயணத்தை எவருக்கும் அறிவிக்கக் கூடாது என்பது ஆகிலாவின் நிபந்தனை.

நிபந்தனைக்குக் காரணம் இருந்தது. அந்தப் பாதையின் நீளத்துக்கும் உறவினர் குடியிருந்தனர். அவர்களுள் ஒருவர் வீட்டையேனும் கை நனைக்காமல் கடந்தால், அடுத்த கலியாணத்தில் முகம் கொடுத்துக் கதைக்க மாட்டார்கள்.

ஸலாஹுதீன் முப்பது வருடம் நெல் லொறியோடு பொலன்னறுவைக்குப் பக்கத்திலுள்ள கதுருவெல அரிசி ஆலைக்குப் போய் வந்தவர். திரும்பும் ஒவ்வொரு முறையும், தலையில் உமித்தூசியோடு, பழைய நகரத்தை மனைவிக்கு வருணிப்பார். கல்லில் செதுக்கிய தாமரைத் தடாகம். படுத்திருக்கும் பெரிய சிலை. நடு வெயிலிலும் கன்னத்தை வைத்தால் குளிரும் மாளிகைச் சுவர். ஆகிலா அந்தச் சுவருக்காகவே ஏங்கினாள். பிள்ளைப்பேறு, உம்மாவின் சுகயீனம், மகளின் கலியாணம் என்று ஒவ்வொன்றாகக் குறுக்கே வந்தன. இந்த விடுமுறையில் எதுவும் குறுக்கே வரக் கூடாது.

கிரான்குளத்தைத் தாண்டியதும் கைபேசி ஒலித்தது. காத்தான்குடியிலிருந்து பாத்தும்மா மாமி. ஆகிலாவின் வாப்பாவுடைய தங்கை.

"எங்க புள்ள வாறீங்க? புரியாணி தம்முல கிடக்கு."

ஆகிலா கணவரைப் பார்த்தாள். கணவர் நிப்றாஸைப் பார்த்தார்.

"நீயாடா சொன்ன?"

"அல்லாஹ்வறிய நான் இல்ல காக்கா!"

மாமி வாசலிலேயே நின்றார். ஆகிலா கதவைத் திறக்காமல் தலையை மட்டும் நீட்டினாள்.

"மாமி, நாங்க சாப்பாடு கட்டிக்கிட்டுத்தான் வந்த. நிக்க நேரமில்ல."

"நல்லதாப் போச்சுகா. அப்ப இதையும் ஏத்துங்க."

புரியாணிச் சட்டி ஏறியது. சட்டிக்குப் பின்னால் மாமியும் ஏறினார்.

"நீங்க எங்க மாமி?"

"சட்டிய ஆரு புடிக்கிற? சரிஞ்சா சோறெல்லாம் உங்கட சீட்டிலதான்."

ஏறாவூரில் மாமியின் கணவருடைய தம்பி பளீல் இருந்தார். அவர் வீட்டுக்குப் போனால் பகல் அங்கேயே போய்விடும். ஆகிலா வழி கண்டாள்.

"மாமாவ றோட்டுக்கு வரச் சொல்லுங்க. வேனில இருந்தபடியே ஸலாம் சொல்லிட்டுப் போவம்."

பளீல் றோட்டுக்கு வந்தார். அவருடைய மனைவி, மனைவியின் தங்கை, விரிக்கும் பாய் ஒன்று, வட்டிலப்ப இனிப்புத் தட்டு ஆகியனவும் வந்தன.

"றோட்டுக்கு வரச் சொன்னா ஏறச் சொன்னதுதானே மகள்," என்று பளீல் முன் இருக்கையில் அமர்ந்தார். ஸலாஹுதீன் மனமுவந்து இடம் கொடுத்தார்.

ஓட்டமாவடியில் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு நிற்காமல் போகும்படி ஆகிலா உத்தரவிட்டாள். ஸலாஹுதீனுக்கு அங்கேதான் நண்பகல் லுஹர் தொழ வேண்டும் என்று தோன்றியது. தொழுகையைத் தடுக்க எவருக்கு நாவு எழும்? பள்ளிவாசலிலிருந்து திரும்பியபோது அவருக்குப் பின்னால் ஒரு மச்சானும் ஒரு மதினியும் வந்தனர்.

பிற்பகலில், வழியோர மர நிழலில் பாய் விரிக்கப்பட்டது. புரியாணி திறக்கப்பட்டது.

"மாமா, கெதியாச் சாப்பிடுங்க. வாசல் பூட்டிருவாங்க."

"எண்ணூறு வருசமா நிக்கிற கல்லு மகள். நான் இந்த எலும்பக் கடிக்கும்வரைக்கும் நிக்காதா?"

நின்றது கல், காவலாளி நிற்கவில்லை. அவர்கள் சேர்ந்தபோது அவர் வாசலைப் பூட்டிக்கொண்டிருந்தார். "நாளைக்கு வாங்க," என்று தெரிந்த தமிழில் சொல்லிவிட்டுச் சைக்கிளில் ஏறினார்.

ஆகிலா கம்பிகளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தொலைவில், மரங்களுக்கிடையே, ஒரு செங்கல் சுவரின் மேல்விளிம்பில் மட்டும் வெயில் மிஞ்சியிருந்தது. அது மாளிகைச் சுவரா, வேறு ஏதேனும் சுவரா என்று அவளுக்குத் தெரியவில்லை. வெயில் அகலும்வரை பார்த்தாள். பின்னால் மாமி வட்டிலப்பம் பங்கிட்டுக்கொண்டிருந்தார்.

இரவு தங்குவதற்குக் கதுருவெல ஆலைக்காரரின் வீட்டுக்குப் போனார்கள். ஆலைக்காரரின் மருமகள் நஸ்லின் தேநீர் கொண்டுவந்தாள். ஆகிலாவின் கண்கள் சிவந்திருந்தன.

"குடுத்துவச்சவ நீங்க, தங்கச்சி. பக்கத்திலேயே இரிக்கீங்க. இவரும் குடுத்துவச்சவர்தான். வாற நேரமெல்லாம் போய்ப் பாத்துட்டு வந்து எனக்குச் சொல்லுவாரு."

ஸலாஹுதீன் தேநீர்க் கோப்பையோடு எழுந்தார். நஸ்லின் சிரித்துவிட்டாள்.

"ஆரு, காக்காவா? நெல்லு இறக்கி முடியக்குள்ள எந்த நாளும் வாசல் பூட்டியிரிக்கும், றாத்தா. இந்த விறாந்தையில படுத்துக்கிட்டு, 'சிலை என்ன நீளம், சுவர் என்ன நிறம், சொல்லுங்க புள்ள, வூட்ட போய்ச் சொல்லணும்' எண்டு எங்களுக்கிட்டத்தானே கேப்பாரு!"

காலையிலிருந்து உறவினருக்கெல்லாம் அழைப்பு எடுத்தவர் யார் என்று அதன்பின் எவரும் விசாரிக்கவில்லை. மறுநாள் காலை வாசல் திறந்தவுடன் கணவனும் மனைவியும் மட்டும் உள்ளே போவதென்றும், மற்றையோர் சட்டியோடு நஸ்லின் வீட்டில் இருப்பதென்றும், உள்ளே எதைக் கண்டாலும் ஸலாஹுதீன் விளக்கம் சொல்லக் கூடாதென்றும் முடிவாயிற்று.