ஈட்டிக்கு மாவுக்கட்டு

பொம்மை ஈட்டி நிமிர்ந்துவிட்டது. வெந்நீரிலிருந்து எடுத்து, குளிர்ந்த தண்ணீரில் முக்கி, மேஜைமேல் வைத்துவிட்டு பிசியோ மேடம் கையைத் துடைத்துக்கொண்டார். துடைத்து முடித்துத் திரும்பினால், அது பழையபடி வாழைப்பழம் மாதிரி வளைந்து கிடந்தது.

"என்ன மேடம், மறுபடியும் படுத்துடுச்சு?" என்றார் வாசலில் நின்ற மாவுக்கட்டு அண்ணன். எலும்பு முறிந்தவர்களுக்குக் கட்டுப் போடுவது அவர் வேலை. பக்கத்து அறைக்காரர்.

"வினைல் அப்படித்தான் அண்ணே. ஒரு தடவை வளைஞ்சா அதை மறக்காது."

"எங்க மாமியார் வகை போல."

மேடம் சிரிக்கவில்லை. சிரிக்கிற நிலைமையில் அவர் இல்லை.

அந்த ஆஸ்பத்திரியில் மடங்காத முழங்கால், திரும்பாத கழுத்து, தூக்க முடியாத தோள் எல்லாம் கடைசியில் மேடத்திடம்தான் வந்து சேரும். வீட்டிலும் அவருக்கு அதே வேலைதான். பழைய காலத்து வீரப் பொம்மைகளைச் சேர்ப்பவர் அவர். அந்தப் பொம்மைகளின் வாள், கவசம், பெல்ட் இவையெல்லாம் வினைலில் செய்தவை. வெயில் பட்டாலோ, பெட்டியில் நசுங்கினாலோ கோணிக்கொள்ளும். முன்பின் தெரியாதவர்கள்கூட அவற்றைப் பார்சலில் அனுப்பி நிமிர்த்தி வாங்கிக்கொள்வார்கள். சேகரிப்பாளர்கள் மத்தியில் அவருக்கு 'நிமிர்த்தும் மேடம்' என்று பெயர். அந்தப் பெயரை யாராவது சொன்னால், "அட, அதெல்லாம் ஒண்ணுமில்லைங்க" என்பார். சொல்லாமல் விட்டால் தானே ஞாபகப்படுத்துவார்.

அவற்றைப் பொம்மை என்று சொன்னால் மட்டும் அவருக்குப் பிடிக்காது. ஃபிகர் என்று சொல்லவேண்டும்.

"ஆஸ்பத்திரி நடுவுல நின்னுக்கிட்டு நான் ஃபிகர் பார்த்தேன்னு சொன்னா என் வேலை போயிடும் மேடம்," என்று மாவுக்கட்டு அண்ணன் மட்டும் அதற்கு ஒப்புக்கொள்ளவில்லை.

இந்த ஈட்டி பெரிய டாக்டருடையது. எலும்புப் பிரிவுக்குப் புதிதாக மாற்றலாகி வந்த தலைவர். அன்று காலைத் தேநீர் இடைவேளையில், தலைக்கவசமும் பெல்ட்டும் போட்ட ஒரு கடல்வீரனைக் கொண்டுவந்து எல்லோர் முன்னாலும் மேஜையில் நிறுத்தினார்.

"சின்ன வயசுல எங்கப்பா வாங்கிக் கொடுத்தது. ஈட்டி மட்டும் வெயில்ல வளைஞ்சுபோச்சு. இதையெல்லாம் சரி பண்ற ஆளுங்க இப்ப எங்க இருக்காங்க?"

அறையில் இருந்த அத்தனை தலைகளும் ஒரே பக்கம் திரும்பின. மேடம் கோப்பையைக் கீழே வைத்தார்.

"கொடுங்க சார். ரெண்டு நாள்ல நேராக்கித் தர்றேன்."

"ஒண்ணும் ஆயிடாதே? இது இப்ப எங்கயும் கிடைக்காதாம்."

"சார், இதே கடல்வீரன் எங்க வீட்டு அலமாரியில நிக்கிறான். அவன் ஈட்டியைப் பாருங்க, நூல் பிடிச்ச மாதிரி இருக்கும்," என்று போனில் படத்தைக் காட்டினார்.

பெரிய டாக்டர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படத்தைப் பார்த்தார். "எனக்கு இதெல்லாம் ஒண்ணும் புரியாது மேடம். உங்களை நம்பித் தர்றேன்."

நம்பி என்ற அந்த ஒரு வார்த்தையில் மேடம் விழுந்தார்.

இப்போது ஈட்டி வாழைப்பழமாகக் கிடக்கிறது. கிண்ணத்துத் தண்ணீர் சீக்கிரம் ஆறிவிடுவதுதான் கோளாறு என்று மேடத்துக்குத் தோன்றியது. சூடு குறையாமல் இருக்கவேண்டும். அப்படிப்பட்ட தண்ணீர் அவர் பிரிவிலேயே ஒரு எஃகுத் தொட்டி நிறைய இருந்தது. நோயாளிகளுக்கு ஒத்தடம் கொடுக்கும் பைகள் அதில் நாள் முழுக்க ஊறும். ஒரு பையின் மடிப்பில் ஈட்டியைச் செருகி உள்ளே விட்டார். அந்த நேரம் பார்த்து வார்டிலிருந்து கூப்பிட்டார்கள்.

திரும்பி வந்தபோது தொட்டியில் ஒரு பை குறைந்தது. திரைக்கு அந்தப்பக்கம் பழைய தோள்வலிக்காரர் ஒருவர் மல்லாந்து படுத்திருந்தார். முதுகுக்கும் கட்டிலுக்கும் நடுவில், உதவியாளர் துண்டு சுற்றி வைத்த ஒத்தடப் பை.

"மேடம், ஏதோ குத்துது."

"நரம்புங்க அது. அப்படித்தான் இருக்கும்," என்று சொல்லிக்கொண்டே மேடம் இடுக்கியால் தொட்டிக்குள் துழாவினார்.

"நரம்பு இப்ப கீழ இறங்குது மேடம்."

மேடத்தின் இடுக்கி தொட்டிக்குள்ளேயே நின்றது. ஓடிப்போய் அவரை எழுப்பி உட்காரவைத்தார். ஈட்டி துண்டில் ஒட்டிக்கொண்டிருந்தது. மனுஷர் கனத்தில் பட்டையாகி, துண்டின் பின்னல் மொத்தமும் அதில் அச்சாகியிருந்தது.

தோள்வலிக்காரர் அதை வெறித்துப் பார்த்தார். "இதுவா மேடம் உள்ள இருந்துச்சு?"

"இல்லைங்க, இது வந்து..."

"அதான் இத்தனை வருஷமா வலிச்சிருக்கு." கையைத் தூக்கினார். தலைக்கு மேல் போனது. "எந்த டாக்டரும் கண்டுபிடிக்கலையே. நீங்க கத்தி வைக்காம எடுத்துட்டீங்களே."

உண்மையைச் சொல்ல மேடம் வாயைத் திறந்தார். அவர் கும்பிட்டுக்கொண்டு நின்றதைப் பார்த்ததும் மூடிக்கொண்டார். இத்தனை வருஷ சர்வீஸில் ஒருவரும் அவரை இப்படிக் கும்பிட்டதில்லை.

"தினமும் அந்தக் கையை இதே மாதிரி தூக்குங்க," என்று மட்டும் சொன்னார். அது உண்மையான வைத்தியம்தான்.

அன்று மாலைக்குள், முதுகு வலி, இடுப்பு வலி என்று வந்தவர்கள் எல்லாம் தங்களுக்குள்ளும் ஈட்டி இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லி வரிசையில் உட்கார்ந்துவிட்டார்கள். அவர்களைச் சமாளித்து அனுப்பிவிட்டு, பட்டை ஈட்டியோடு மேடம் பக்கத்து அறைக்குப் போனார்.

"அண்ணே, இதைச் சூடாக்கி உருட்டிட்டேன்னா உருண்டையாயிடும். ஆனா ஆறி முடியிற வரைக்கும் அசையாம இருக்கணும்."

"அசையாம இருக்கணும்னா நம்ம தொழில்தானே மேடம். மாவு இறுகும்போது லேசா சூடும் கொடுக்கும். ரெண்டு வேலையும் ஒண்ணா முடிஞ்சிடும்."

மேடத்துக்கு அது நியாயமாகப் பட்டது. ஈட்டியைச் சூடாக்கி உருட்டிக் கொடுத்தார். பஞ்சு சுற்றி, ஈர மாவுத்துணி சுற்றி, ஒரு குறையும் இல்லாமல் கட்டுப் போட்டார் அண்ணன். கை கழுவும்போது பெரிய டாக்டர் உள்ளே நுழைந்தார். மேஜையிலிருந்த கட்டைப் பார்த்தார்.

"என்னது, இவ்வளவு சின்னக் கட்டு?"

"செஞ்சு பார்க்கிறோம் சார்," என்றார் அண்ணன். "பழகுறதுக்கு."

"இவ்வளவு வருஷம் கழிச்சுமா?"

"கத்துக்கிறதுக்கு வயசு உண்டா சார்?"

பெரிய டாக்டர் அவர் தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார். அண்ணன் அன்று வீடு போகும்வரை நிமிர்ந்த நெஞ்சோடு நடந்தார்.

மறுநாள் கட்டைப் பிரிக்கவேண்டும். அண்ணன் ரம்பத்தை எடுத்தார். மேடம் கண்ணை மூடிக்கொண்டார்.

"பயப்படாதீங்க மேடம். இந்த ரம்பம் மெத்துன்னு இருக்கறதை வெட்டாது. தோல்ல பட்டாக்கூட ஒண்ணும் ஆகாது. கெட்டியானதைத்தான் வெட்டும்."

மாவுக்குள் ஆறிய ஈட்டி நன்றாகக் கெட்டியாகியிருந்தது. அதைத்தான் இருவரும் யோசிக்கவில்லை.

ரம்பம் நின்றது. அண்ணன் பஞ்சை விலக்கி, உள்ளே கிடந்ததை எடுத்து மேஜையில் வைத்தார்.

"ரெண்டும் நேராத்தான் இருக்கு மேடம்," என்றார்.

வீட்டில் மேடத்தின் கணவர் விஷயத்தைக் கேட்டு முடித்தார். "உடைஞ்சுபோச்சுன்னு சொல்லிடேன். தலையா போயிடும்?"

"தலை போனா பரவாயில்லைங்க. பேர் போயிடும்."

"ஒட்டிப் பாரேன்."

"ஒட்டினதை ஒட்டினதுன்னு பார்த்தவுடனே சொல்லிடுவாங்க. அப்புறம் நிமிர்த்தும் மேடம்னு எந்த முகத்தோட சொல்லிக்கிறது?"

கண்ணாடி அலமாரியைத் திறந்தார். உள்ளே அவருடைய கடல்வீரன் ஈட்டியோடு கம்பீரமாக நின்றான். அந்த ஈட்டிக்காக ஒரு குதிரைவீரனையும் குதிரையையும் கொடுத்து மாற்றிக்கொண்டவர் அவர். விரல்களை மெல்லப் பிரித்து உருவினார். கைக்குழந்தையிடமிருந்து கிலுகிலுப்பையை எடுப்பது போலிருந்தது.

வெறும் கையைத் தூக்கியபடி நின்ற வீரனைக் கணவர் குனிந்து பார்த்தார். "பஸ்ஸை நிறுத்துற மாதிரி இருக்கான்."

மேடம் கதவைச் சாத்தினார். அழவில்லை. பேர் நின்றது, அது போதும்.

அடுத்த நாள் தேநீர் அறையில் நிற்க இடமில்லை. பெரிய டாக்டர் ஈட்டியை மேஜைக் கண்ணாடிமேல் உருட்டிவிட்டார். கொஞ்சம்கூட ஆடாமல் நேராக உருண்டு அந்தப்பக்கம் போய் நின்றது.

"வளைஞ்ச இடமே தெரியலையே மேடம்."

"தெரிஞ்சா அது என்ன வேலை சார்?"

எல்லோரும் கை தட்டினார்கள். எப்படிச் செய்தீர்கள் என்று யாரோ கேட்டார். சூடு எவ்வளவு வேண்டும், பொறுமை எவ்வளவு வேண்டும், வினைலின் மனசைப் புரிந்துகொள்வது எப்படி என்று மேடம் விளக்கமாகச் சொன்னார். சொல்லச் சொல்ல அவருக்கே அந்த ஈட்டியைத் தான்தான் நிமிர்த்தியதாகத் தோன்ற ஆரம்பித்தது. மாவுக்கட்டு அண்ணனுக்கு இருமல் வந்து வெளியே போய்விட்டார்.

"இந்த ஆஸ்பத்திரிக்கு நீங்க கிடைச்சது எங்க பாக்கியம்," என்றார் பெரிய டாக்டர். ஒரு ஈட்டி போனால் என்ன, இதற்காக நூறு ஈட்டி கொடுக்கலாம் என்று மேடத்துக்கு இருந்தது.

சாயங்காலம் தலையை நிமிர்த்திக்கொண்டு வாசலுக்கு வந்தார். பெரிய டாக்டரின் காரில் டிரைவர் அந்தக் கடல்வீரன் பெட்டியைப் பின்சீட்டில் வைத்து, அசையாமல் இரண்டு பக்கமும் துணியை முட்டுக்கொடுத்துக்கொண்டிருந்தார்.

"பத்திரமா கொண்டுபோங்க," என்றார் மேடம். "ஈட்டி நான் சரி பண்ணினது."

"தெரியும் மேடம், போன ஆஸ்பத்திரியில பெல்ட், அதுக்கு முந்தின ஆஸ்பத்திரியில தலைக்கவசம்," என்றார் டிரைவர் பெருமையாக, "ஐயா வளைஞ்சதைச் சல்லிசா வாங்கிட்டுப் போய்க் கொடுப்பார், எல்லாரும் அவங்க வீட்டுல இருக்கற நேரானதைக் கொண்டாந்து கொடுத்துடுவாங்க, இனி இவன் நீந்துற கால் துடுப்பு மட்டும்தான் பாக்கின்னு அடுத்த ஊருக்கு மாத்தல் கேட்டிருக்கார்."